எருமை இரைமீட்பதும் நாங்கள் ஸ்மூதி அடிப்பதும்

பக்கத்து வளவு அக்கா போன மாதம் பிளெண்டர் ஒன்று வாங்கினார். அடுத்த நாள் காலையே வல்லாரை ஒரு பிடி, முருங்கை இலை ஒரு பிடி, கதலி வாழைப்பழம் இரண்டு போட்டு, தண்ணீர் விட்டு அடித்தார். அடித்ததைத் தேங்காய்ப்பால் வடிக்கிற துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்தார். பச்சைத் தண்ணீர் கிளாஸுக்குள் இறங்கியது. துணியில் மிஞ்சிய சக்கையை உருட்டிக் கோழிக்குப் போட்டுவிட்டு, கிளாஸுக்குள் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கினார். "தம்பி, இனி எனக்குக் கீரை சமைக்கிற வேலை இல்லை. இதைக் குடிச்சால் உடம்பில இருக்கிற கழிவெல்லாம் போயிடுமாம், ரத்தமும் ஊறுமாம்" என்றார்.

அவர் தேடிய நன்மையில் பெரிய பங்கு அந்தச் சக்கையில்தான் இருந்தது. யாரும் அவருக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. நான் இதை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

கிளிநொச்சிச் சந்தையிலும் சரி, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சாமத்திய வீட்டிலும் சரி, 'பச்சை ஸ்மூதி' என்ற பேச்சு இப்போது அடிபடுகிறது. போனில் பார்த்தவர் ஒன்று சொல்வார், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை வேறொன்று சொல்லும். ஒருவர் வடித்துக் குடிக்கச் சொல்கிறார். ஒருவர் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் சமைத்த கீரையில் ஒரு சத்தும் மிஞ்சாது என்கிறார். பச்சை மரக்கறி கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. உலக சுகாதார நிறுவனம், வளர்ந்த ஒருவர் நாளுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது. கிழங்குகள் அந்தக் கணக்கில் சேராது. சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் இரண்டு கரண்டி வறை வைத்துக்கொள்ளும் எங்களில் பலர் அந்த அளவுக்குக் கிட்டவும் போவதில்லை. ஆகவே ஸ்மூதியைப் பழிக்க வரவில்லை. அது செய்கிற வேலை எது, செய்யாத வேலை எது என்று பிரித்துக் காட்டவே வருகிறேன்.

## சாறு, கஞ்சி, சம்பல், ஸ்மூதி

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். இலையை அரைத்துப் பிழிந்து, சக்கையை எறிந்துவிட்டு நீரை மட்டும் எடுத்தால் அது சாறு. இலையையும் பழத்தையும் தண்ணீரோ தயிரோ விட்டுக் குழைய அடித்து, எதையும் வடிக்காமல் அப்படியே குடித்தால் அது ஸ்மூதி. அக்கா அன்று குடித்தது சாறு, அதுவும் சீனி போட்ட சாறு.

எங்கள் வீடுகளில் இதற்கு நெருங்கிய சொந்தங்கள் இரண்டு உண்டு. ஒன்று இலைக்கஞ்சி. சிவப்புப் பச்சையரிசியை உள்ளி போட்டுக் குழைய அவித்து, தேங்காய்ப்பால் விட்டு, கடைசியில் இலைச்சாற்றை ஊற்றி, அது பொங்கிக் கொதிக்க முதல் அம்மம்மா அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார். பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. சாறு வடித்து ஊற்றுவதால் நார் குறைவு, ஆனால் அந்தத் தேங்காய்ப்பால் ஒரு முக்கியமான வேலை செய்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மற்றது வல்லாரைச் சம்பல். மெல்லிசாக அரிந்த வல்லாரை, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மேலே தேசிக்காய்ப் புளி. இலை பச்சை, நார் முழுதாக இருக்கிறது, கொழுப்பும் புளியும் கூடவே வருகின்றன. நல்ல ஸ்மூதி ஒன்றுக்கு வேண்டிய எல்லாமே அந்தச் சம்பலில் உண்டு. இலை தின்னும் பழக்கம் எங்களுக்குப் புதிதல்ல. மீள்குடியேற்றத்தில் 2010இல் ஊருக்கு வந்தபோது, கொட்டில் போட்டு முடிய முன்னமே அம்மா ஊன்றியது ஒரு முருங்கைத் தடி. இன்று எங்கள் குசினிக்குப் பின்னால் நிற்கும் மரம் அதுதான்.

## குளக்கட்டில் படுத்திருக்கும் எருமை

ஸ்மூதி என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள பிளெண்டரைவிட எருமையைப் பார்ப்பது உதவும்.

பின்னேரம் குளக்கட்டுப் பக்கம் போனால் எருமைகள் மர நிழலில் படுத்திருக்கும். காலையில் புல்லை அள்ளி அள்ளி, சரியாக மெல்லாமலே விழுங்கியவை அவை. இப்போது கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மெல்லுகின்றன. கழுத்தைக் கவனியுங்கள். மென்ற உருண்டை ஒன்று கீழே இறங்கும். கொஞ்சம் பொறுத்தால் இன்னொன்று கீழிருந்து மேலே ஏறும். இதுதான் இரைமீட்டல். மாட்டினங்கள் நாளொன்றுக்கு 6 முதல் 8 மணித்தியாலம் வரை இதற்கே செலவிடுகின்றன. இலையையும் புல்லையும் நம்பி வாழும் ஒரு பெரிய உடம்புக்கு அவ்வளவு மெல்லுதல் தேவைப்படுகிறது.

எருமையின் இரைப்பைக்கு நான்கு பகுதிகள் உண்டு. முதற்பகுதி ஒரு பெரிய ஊறல் தொட்டி. அதற்குள் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் இருந்து புல்லைப் புளிக்கவைத்து உடைக்கின்றன. எங்களுக்கு அந்தத் தொட்டி இல்லை. எங்களுக்கு இருப்பது பல் மட்டும்தான். அதையும் எப்படிப் பயன்படுத்துகிறோம்? சோற்றோடு பிசைந்த கீரையை நாலு தரம் மென்று விழுங்கிவிடுகிறோம். பல் விழுந்த முதியவர்களுக்கு அதுவும் முடியாது.

பிளெண்டரின் கத்தி செய்வது அந்த மெல்லுகிற வேலையைத்தான். எருமையின் வயிற்றுப் பற்றீரியா செய்யும் வேலையை அது செய்வதில்லை. இலைக்குள் இல்லாத சத்து எதையும் அது உண்டாக்குவதுமில்லை.

## நெல்லும் உமியும்

மெல்லுவதால் இலைக்கு என்ன நடக்கிறது?

எந்த இலையும் கலங்களால் ஆனது. கலம் என்பது உயிருள்ள உடம்பின் மிகச் சிறிய அறை. இலையின் ஒரு கலத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு. விற்றமின்களும் கனியுப்புக்களும் பச்சை நிறமும் அந்த அறைகளுக்குள்ளே இருக்கின்றன. அறையைச் சுற்றிக் கலச்சுவர் என்ற கடினமான சுவர் உண்டு. அந்தச் சுவரின் முக்கிய கட்டுமானப் பொருள் செல்லுலோஸ். பஞ்சும் அதுதான், கடதாசியும் பெரும்பாலும் அதுதான்.

எங்கள் சமிபாட்டுத் தொகுதியில் செல்லுலோஸை உடைக்கும் நொதியம் கிடையாது. நொதியம் என்பது உடம்புக்குள் ஒரு குறிப்பிட்ட இரசாயன வேலையை விரைவாக நடத்தித் தரும் புரதம். ஆகவே உடையாமல் விழுங்கிய கலம் பெரும்பாலும் பூட்டிய பெட்டி மாதிரி எங்களைக் கடந்து போய்விடும்.

நெல்லை நினைத்துப் பாருங்கள். அரிசி உள்ளே இருக்கிறது, உமி வெளியே மூடியிருக்கிறது. நெல்லை அப்படியே விழுங்கினால் பயனில்லை. உரலில் போட்டுக் குத்தினால் உமி பிளந்து அரிசி வெளியே வரும். பல், அம்மி, பிளெண்டர் மூன்றும் இலைக்கு உலக்கை. எவ்வளவு நுணுக்கமாக அரைபடுகிறதோ அவ்வளவுக்குக் கலச்சுவர்கள் உடைந்து, உள்ளே இருப்பது வெளியே வருகிறது.

ஆனால் இந்த உவமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. நெல்லைக் குத்தியபின் உமியைப் புடைத்து எறிகிறோம். இலையில் அந்த 'உமி'தான் நார்ச்சத்து. அதை எறியக் கூடாது. அக்கா துணியில் பிழிந்து கோழிக்குப் போட்டது அதைத்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இலையின் சத்து கலம் என்ற அறைகளுக்குள் பூட்டியிருக்கிறது, மெல்லுதலும் அரைத்தலும் பூட்டை உடைக்கின்றன, ஸ்மூதி என்பது இயந்திரம் மென்று தந்த இலை, வடித்துவிட்டால் அது ஸ்மூதி அல்ல.

## சக்கையின் வேலை

நார்ச்சத்து என்பது தாவர உணவில் சிறுகுடல் சமிக்கச் செய்ய முடியாத பகுதி. சமிக்காத ஒன்றை ஏன் தின்ன வேண்டும் என்று கேட்கலாம். நாங்கள் சமிக்கச் செய்யாததைப் பெருங்குடலில் இருக்கும் பற்றீரியாக்கள் ஓரளவு உண்கின்றன. எருமைக்கு வயிற்றின் தொடக்கத்தில் இருக்கிற ஊறல் தொட்டி எங்களுக்கு ஒரு சின்ன அளவில் குடலின் முடிவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பற்றீரியாக்கள் நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பொருள்கள் குடற்சுவருக்கு உணவாகின்றன. மிச்ச நார் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை மென்மையாக்குகிறது. நார் கூட இருந்தால் உணவிலுள்ள சீனி குருதிக்குள் மெல்ல மெல்ல ஏறும். சலரோகக்காரர் வடித்த சாற்றையும் வடிக்காத ஸ்மூதியையும் ஒன்றாக நினைக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வளர்ந்தவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தீட்டிய வெள்ளைச் சோறும் பாணும் தின்று அதை எட்டுவது கடினம்.

பிளெண்டரின் கத்தி நாரை 'அழித்துவிடும்' என்றும் ஒரு பேச்சு உண்டு. கத்தி நாரைச் சிறு துண்டாக்குகிறது, அவ்வளவுதான். துண்டான கயிறும் கயிறுதான்.

'கழிவு போகும்' என்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நார் மலத்தை இலகுவாக வெளியேற்ற உதவும், அது உண்மை. ஆனால் குருதியிலுள்ள கழிவை அகற்றுவது ஈரலும் சிறுநீரகமும். எந்த இலையும் அவற்றின் வேலையை வாங்கிச் செய்வதில்லை. ஒரு கிழமை வேறொன்றும் தின்னாமல் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து உடம்பைக் 'கழுவுவது' உடம்பைப் பட்டினி போடுவதுதான். கர்ப்பிணிகளும் சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்களும் இதைச் செய்யவே கூடாது.

## பச்சையாகவா, சமைத்தா?

சமைத்தால் எல்லாச் சத்தும் போய்விடும் என்பது பிழை. பச்சையாகத் தின்றால் எல்லாச் சத்தும் கிடைக்கும் என்பதும் பிழை. சத்துக்கு ஏற்றபடி பதில் மாறும்.

விற்றமின் சி சூட்டைத் தாங்காது, தண்ணீரிலும் கரையும். கீரையை நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் விற்றமின் சியில் பெரும் பங்கு அதோடு போய்விடும். இந்த விடயத்தில் பச்சை இலைக்கும் பழத்துக்கும்தான் வெற்றி. எங்கள் வளவுக் கொய்யாவை இங்கே மறக்கக் கூடாது. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி உண்டு. அதே எடைத் தோடம்பழத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம்தான். விலை கொடுத்துத் தோடம்பழம் வாங்கி ஸ்மூதிக்குப் போடுகிற வீட்டின் பின்பக்கத்தில் கொய்யாப்பழம் அணில் கொந்தி விழுந்துகிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது.

கரோட்டீனின் கதை வேறு. அது இலையிலும் பப்பாசியிலும் கரட்டிலும் இருக்கும் நிறப்பொருள். உடம்பு அதை விற்றமின் ஏ ஆக மாற்றும், கண்ணுக்கு அது அவசியம். கரோட்டீன் ஓரளவு சூட்டைத் தாங்கும். சமைக்கும்போது கலச்சுவர் இளகுவதால் அது இன்னும் இலகுவாக வெளியே வருகிறது. ஆனால் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கூடவே கொஞ்சம் கொழுப்பு இல்லாவிட்டால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. இலைக்கஞ்சியில் தேங்காய்ப்பாலும் சம்பலில் தேங்காய்ப்பூவும் செய்கிற வேலை இதுதான். வெறும் இலையும் தண்ணீரும் அடித்துக் குடித்தால் கரோட்டீனின் பெரும் பகுதி வீணாகும்.

இதற்கு வன்னியில் தீர்வு தேடி அலைய வேண்டியதில்லை. கண்டி வீதியில் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு வரும் கச்சான் போதும். வறுத்த கச்சான் ஒரு மேசைக்கரண்டி ஸ்மூதிக்குள் விழுந்தால் கொழுப்பும் கிடைக்கும், கொஞ்சம் புரதமும் கிடைக்கும், குடிக்கவும் தடிப்பாக இருக்கும். பூஞ்சணம் பிடித்ததையும் கறுத்துச் சுருங்கியதையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

ஆகவே மத்தியானச் சோற்றோடு முருங்கை இலை வறையும் இருக்கட்டும், காலையில் பச்சை ஸ்மூதியும் இருக்கட்டும். ஒன்று மற்றதன் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை.

## பச்சை நிறம் குருதியாக மாறுமா?

'ரத்தம் ஊறும்' என்ற நம்பிக்கைக்குப் பின்னால் அரைவாசி உண்மை ஒன்று இருக்கிறது. இலையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையமும், குருதிச் சிவப்புக்குக் காரணமான ஹீமும் வடிவத்தில் ஒன்றுக்கொன்று ஒத்த வளையங்கள். பச்சையத்தின் நடுவில் இருப்பது மகனீசியம், ஹீமின் நடுவில் இருப்பது இரும்பு. இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் பச்சையம் குடித்தால் குருதியாகும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். உடம்பு பச்சையத்தை எடுத்து நடுவிலுள்ளதை மாற்றிக் குருதி செய்வதில்லை. தன் ஹீமைத் தானே புதிதாகக் கட்டுகிறது. அதற்கு வேண்டியது இரும்புச்சத்து.

இலையில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் இறைச்சி, மீனில் உள்ளதைப் போல இலகுவாக அது உறிஞ்சப்படாது. விற்றமின் சி கூட இருந்தால் உறிஞ்சல் கூடும். தேசிக்காய் பிழிவதும் கொய்யா சேர்ப்பதும் ருசிக்கு மட்டுமல்ல. மறுபக்கம், தேத்தண்ணி அதைத் தடுக்கிறது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஸ்மூதியைக் குடித்த கையோடு பிளேன்டீ குடித்தால் சேர்த்ததை நீங்களே தடுக்கிறீர்கள். ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். குருதிச்சோகைக்குக் கிளினிக்கில் தந்த இரும்பு மாத்திரையை ஸ்மூதியை நம்பி நிறுத்திவிட வேண்டாம்.

சுருக்கமாக: தேசிக்காயும் கொய்யாவும் இரும்புக்கு, கச்சானும் தேங்காயும் கரோட்டீனுக்கு, சக்கை குடலுக்கு.

## பிளெண்டருக்குள் போகவே கூடாத இலைகள்

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள்.

மரவள்ளி இலையைப் பச்சையாக அடிக்கவே கூடாது. குருத்தை அவித்து வறை வறுக்கும் பழக்கம் இருப்பதால், "அவித்தால் தின்னலாம் என்றால் பச்சையாகவும் தின்னலாம்தானே" என்று யாராவது நினைக்கக் கூடும். மரவள்ளிக் கலத்துக்குள் சயனைட்டைத் தரக்கூடிய பொருள் ஓர் இடத்தில் இருக்கிறது. அதை உடைத்து சயனைட்டை வெளிவிடும் நொதியம் வேறிடத்தில் இருக்கிறது. இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. கலச்சுவர் உடைந்ததும் இரண்டும் கலந்து நஞ்சு பிறக்கிறது. தன்னைத் தின்ன வரும் விலங்கிடமிருந்து அந்தச் செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. மரவள்ளித் தோட்டத்துக்குள் புகுந்து இலை தின்ற ஆடு விழுந்து செத்த கதை ஊரில் பலருக்குத் தெரியும். வல்லாரையில் நன்மை செய்கிற அதே அரைத்தல், மரவள்ளியில் உயிருக்கே ஆபத்து. இலையை இடித்து, திறந்த சட்டியில் நிறையத் தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்க வைக்கும்போதுதான் அந்த நஞ்சு ஆவியோடும் தண்ணீரோடும் போகிறது.

சேம்பு இலையும் வேண்டாம். அதற்குள் ஊசி போன்ற பளிங்குகள் இருக்கின்றன. பச்சையாக அரைத்தால் அவை வாயிலும் தொண்டையிலும் குத்தி வீங்க வைக்கும். அகத்தி, சண்டி, முசுட்டை, காரை எல்லாம் எங்கள் ஊரில் சமைத்துத் தின்று பழகியவை. பழகிய வழியிலேயே அவற்றை விட்டுவிடுவது நல்லது. பெயர் தெரியாத காட்டு இலை எதையும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

பச்சையாக அடிக்க ஏற்றவை வல்லாரை, பொன்னாங்காணிக் குருத்து, இளம் முருங்கை இலை, கொத்தமல்லி இலை, புதினா, சலாது. இலையல்லாதவற்றில் கெக்கரிக்காய், கரட், தக்காளி.

## ஒட்சலேற்றும் சிறுநீரகமும்

சேம்பு ஊசிகள் கல்சியம் ஒட்சலேற்று என்ற உப்பால் ஆனவை. ஒட்சலேற்று பல கீரைகளில் கரைந்த வடிவிலும் இருக்கிறது. பசளி, முளைக்கீரை, பீற்றூட் இலை மூன்றிலும் அது அதிகம். சலாதிலும் கெக்கரிக்காயிலும் குறைவு. அது குருதிக்குள் போய், சிறுநீரகம் வழியாக வெளியேறும்போது கல்சியத்தோடு சேர்ந்து பளிங்காகலாம். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இந்தப் பளிங்கால் ஆனவை.

கறியாகத் தின்னும்போது இது பெரிய பிரச்சினை இல்லை. ஒரு கட்டு முளைக்கீரையைப் பச்சையாக மென்று தின்னப் பாருங்கள். கால்வாசிக் கட்டு முடிய முன் வாய் சலித்து நின்றுவிடும். அதே கட்டு முழுவதும் பிளெண்டரில் ஒரு கிளாஸுக்குள் அடங்கிவிடுகிறது, இரண்டு நிமிடத்தில் தொண்டைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. உடம்பு 'போதும்' என்று சொல்லும் நேரத்தை நாங்கள் அதற்குக் கொடுப்பதில்லை. ஒட்சலேற்று அதிகமுள்ள பச்சைப் பானங்களை நாளாந்தம் பெரிய அளவில் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. பிலிம்பிக்காய்ச் சாற்றிலும், ஐந்து மூலையுள்ள நட்சத்திரப்பழச் சாற்றிலும் இதே ஆபத்து இருக்கிறது. நட்சத்திரப்பழத்தில் நரம்பைத் தாக்கும் ஒரு பொருளும் இருப்பதால், சிறுநீரகம் பழுதானவர்கள் அதைத் தொடவே கூடாது.

எங்கள் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்ட, 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்று பெயரிடப்பட்ட வருத்தம் வவுனியா மாவட்டத்தையும் தொட்டிருக்கிறது. எத்தனையோ வீடுகளில் கிளினிக் கொப்பியோடு ஒருவர் இருக்கிறார். சிறுநீரகம் பலவீனமானவருக்கு இலையிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொற்றாசியமே குருதியில் தேங்கி இதயத்தைப் பாதிக்கலாம். அவருக்கு அன்போடு ஒரு பெரிய கிளாஸ் பச்சை ஸ்மூதி நீட்டுவது உதவி ஆகாது. கிளினிக்கில் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

குருதி உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் அப்படித்தான். பச்சை இலையிலுள்ள விற்றமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். நேற்றுவரை இலை தின்னாதவர் இன்று திடீரென நாளுக்கு இரண்டு கிளாஸ் தொடங்கினால் மருந்தின் அளவு பொருந்தாமல் போய்விடும்.

சுகமாக இருப்பவர்களுக்கு எளிய பாதுகாப்புகள் இருக்கின்றன. ஒரே கீரையை நெடுக அடிக்காமல் மாற்றி மாற்றி எடுங்கள். பசளியும் முளைக்கீரையும் கறிச்சட்டிக்குப் போகட்டும். அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் ஒட்சலேற்றும் குறையும். ஸ்மூதிக்குள் எருமைத் தயிர் சேருங்கள். தயிரிலுள்ள கல்சியம் குடலுக்குள்ளேயே ஒட்சலேற்றைப் பிடித்துக்கொள்ள, இரண்டும் குருதிக்குள் போகாமல் மலத்தோடு போய்விடும்.

## கழுவுதல்

சமைக்கும்போது சூடு கிருமியைக் கொல்கிறது. ஸ்மூதியில் அந்தக் காவல் இல்லை. வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், ஒரு வகைச் செங்கமாரி, பூச்சி முட்டைகள் எல்லாம் அழுக்குத் தண்ணீர் பட்ட இலை வழியாக வரலாம்.

வாய்க்கால் ஓரத்தில் செழித்து நிற்கும் வல்லாரையை நான் பச்சையாகத் தின்னப் பிடுங்குவதில்லை. வயலுக்கு அடித்த மருந்தும் மாட்டுச் சாணமும் அந்தத் தண்ணீரில்தான் வருகின்றன. கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் முளைத்ததும் சமையலுக்குத்தான் ஏற்றது. பச்சையாகத் தின்ன வேண்டுமென்றால் பழைய வாளியிலோ உரப்பையிலோ ஒரு பாத்தி வல்லாரை வைத்து, நல்ல தண்ணீர் விட்டு வளர்க்கலாம்.

வல்லாரையின் வேரடியைத் திருப்பிப் பாருங்கள், மண் அங்கேதான் ஒளிந்திருக்கும். காம்பை அடியோடு வெட்டி, இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஓடுகிற தண்ணீரில் ஒவ்வொன்றாக விரலால் தேய்த்துக் கழுவுங்கள். மாரி காலத்தில் நத்தை ஊர்ந்த பளபளப்பு இலையில் தெரிந்தால் அந்த இலையை எறிந்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவிடுவது புழுக்களைக் கழற்றும், கிருமி எல்லாவற்றையும் கொல்லாது. கடைசி அலசலுக்குக் கொதித்தாறிய தண்ணீர் எடுங்கள், ஸ்மூதிக்குள் விடுவதும் அதுவாகவே இருக்கட்டும். வெள்ளம் வந்து கிணறு கலங்கிய நாட்களில், கிணற்றுக்கு குளோரின் போட்டு முடியும்வரை பச்சை இலையே வேண்டாம், கறியாகத் தின்னுங்கள்.

## இரண்டு கிளாஸ் அடிக்கும் முறை

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு நான் அடிப்பது இப்படி. முதலில் ஒரு கைப்பிடி வல்லாரையும் அரைக் கப் தண்ணீரும் மட்டும் போட்டு ஒரு நிமிடம் அடிப்பேன். இலையைப் பழத்தோடு சேர்த்துப் போட்டால் பழம் குழைந்து இலை திரியாக மிதக்கும். அதனால்தான் இலை முதலில். பிறகு அரைவாசிக் கெக்கரிக்காய், ஒரு கோப்பை பப்பாசித் துண்டுகள் அல்லது பழுத்த கொய்யா ஒன்று, கதலி வாழைப்பழம் ஒன்று, எருமைத் தயிர் நாலு மேசைக்கரண்டி, வறுத்த கச்சான் ஒரு மேசைக்கரண்டி. இன்னும் ஒரு நிமிடம். கடைசியில் அரைத் தேசிக்காய்ப் புளி, ஒரு சின்ன இஞ்சித் துண்டு.

சீனி வேண்டாம். தேனும் அதே கணக்குத்தான். வன்னிக் காட்டுத் தேன் என்றாலும் உடம்புக்கு அது சீனியாகவே போகிறது. சேர்த்துக்கொள்ளும் சீனி, தேன், பழச்சாற்றுச் சீனி எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஏறத்தாழ 50 கிராமைத் தாண்டக் கூடாது என்பது வளர்ந்தவர்களுக்கான எல்லை. இரண்டு பிளேன்டீயும் ஒரு சோடாவும் குடித்தால் அந்த எல்லைக்குக் கிட்ட வந்துவிடுவோம். இலைக் கைப்பு நாக்குக்குப் பிடிக்காவிட்டால் முதல் கிழமை பழத்தைக் கூட்டி இலையைக் குறையுங்கள். நாக்கு பழகப் பழக இலையைக் கூட்டுங்கள். சலரோகம் உள்ளவர்கள் வாழைப்பழத்தை விட்டுவிட்டுக் கெக்கரிக்காயையும் தயிரையும் கூட்டலாம்.

முதல் நாளே பெரிய கிளாஸ் நிரம்பக் குடித்தால் வயிறு ஊதும். பெருங்குடல் பற்றீரியாக்களுக்குத் திடீரென நிறைய நார் கிடைப்பதால் வாயு உண்டாகிறது. அரைக் கிளாஸில் தொடங்குங்கள். மடமடவென்று குடிக்காமல் வாயில் வைத்து மென்று விழுங்குங்கள், உமிழ்நீர் கலக்கட்டும்.

அடித்த உடனேயே குடிப்பது நல்லது. எங்கள் வெக்கைக்கு, வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்தால் கிருமி பெருகும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் மூடி வைத்து அன்றைக்குள் முடியுங்கள். நேரம் போகப் போக அது மங்கிப் பழுப்பாகும். புளி பட்டுப் பச்சையத்தின் நடுவிலிருந்த மகனீசியம் கழன்றுவிடுவது அதற்கு ஒரு காரணம். நிறம் மாறியதால் மட்டும் நஞ்சாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

கரண்ட் இல்லாத நாளில், அல்லது பிளெண்டரே இல்லாத வீட்டில், அம்மி இருக்கிறது. வல்லாரையோடு தேங்காய்ப்பூவும் இஞ்சியும் வைத்து நன்றாக அரைத்து, தயிரில் கரைத்தால் பச்சடி. இறுக்கமாக வழித்தெடுத்தால் சம்பல். கலச்சுவரை உடைப்பது கத்தியா குழவியா என்பது குடலுக்குத் தெரியாது.

போன கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது, "வடிக்காமல் குடிக்க முதல் ரெண்டு நாள் தொண்டையில தடக்கினது தம்பி, இப்ப பழகிட்டுது" என்றார். மத்தியானச் சட்டியில் பொன்னாங்காணி வறையும் இருந்தது. கோழிகள் பப்பாசி விதையையும் கெக்கரித் தோலையும் கொத்திக்கொண்டிருந்தன.